அழுக்குப் போகும், முதுமை போகாது



முன்னோர் விட்டுச் சென்ற பொருள்கள் ஏதுமில்லாத வீடு நம் கடற்கரை ஊர்களில் அரிது. பர்மாவிலிருந்து வந்த தேக்குப் பெட்டி ஒரு வீட்டில் இருக்கும். பினாங்கிலிருந்து வந்த பீங்கான் தட்டுகள் மற்றொரு வீட்டில் இருக்கும். பாட்டியாரின் பித்தளைப் படிக்கம் வேறொரு வீட்டுப் பரணில் உறங்கிக் கொண்டிருக்கும். பெருநாளுக்குப் பெருநாள் அவற்றை இறக்கி, புளியிட்டுத் துலக்கி, மீண்டும் ஏற்றி வைக்கிறோம். பெட்டியின் மூடி சற்றுக் கோணலாக இருந்தால்தான் என்ன? தட்டின் விளிம்பு சிறிது உடைந்திருந்தால்தான் என்ன? அவற்றை நம்பி எவருடைய உயிரும் இருக்கவில்லை.

ஆனால் முன்னோர் பொருள்களிலே வேறொரு வகையும் உண்டு. அவற்றின்மீது ஒருவர் தம் உயிரை ஒப்படைத்து அமர்கிறார். அத்தகைய பொருளைத் துலக்குவதும் படிக்கத்தைத் துலக்குவதும் ஒன்றாகுமா? பளபளப்பாக்கிவிட்டால் நம் கடமை முடிந்துவிடுமா? பழைய கார் ஒன்றின் சீட் பெல்ட்டுகளைக் கழுவிச் சீர்செய்ய முனைந்தபோது எனக்குள் எழுந்த கேள்வி இது. அந்த வேலையில் நான் கற்றவற்றை உங்கள் முன் வைக்கிறேன். கார் வைத்திருப்போருக்கு மட்டுமன்றி, வாடகைக் காரில் குடும்பத்தோடு பயணம் செய்வோருக்கும் இது பயன்படும் என்பது என் நம்பிக்கை.

என் தங்கையின் மாமனார் 1995ஆம் ஆண்டில் அம்பாசிடர் கார் ஒன்றை வாங்கினார். ‘1800 ஐ.எஸ்.இஸட்’ என்னும் வகை. ஜப்பானிய இசுசு வடிவமைப்பிலான 1817 சி.சி. என்ஜின் பொருத்தப்பட்டது. 1950களின் இறுதியில் மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் தயாரிக்கப்படத் தொடங்கி, 2014இல் உற்பத்தி நின்றுபோன அம்பாசிடரை அறியாத தமிழர் இருக்க முடியாது. ஐம்பது ஆண்டுகளைக் கடந்த வண்டிகளையே ‘விண்டேஜ்’ வண்டிகள் என்று 2021இல் மத்திய அரசு வகுத்த விதி ஏற்கிறது. அந்தக் கணக்கில் இந்தக் கார் இன்னும் இளையதே. எனினும் அந்த வீட்டாருக்கு அது ஒரு மூத்த உறுப்பினர். எத்தனையோ மாப்பிள்ளை ஊர்வலங்களும் பிரசவ அவசரங்களும் அதில் நடந்திருக்கின்றன. அதனை வாங்கியவர் மர்ஹூமாகிப் பல ஆண்டுகளாகிவிட்ட போதிலும், வீட்டில் இன்றும் அது “வாப்பாவின் கார்”தான்.

வளைகுடா நாட்டிலிருந்து விடுப்பில் வந்த என் தங்கையின் கணவர், கொட்டகையில் நின்ற அந்தக் காரை மீண்டும் ஓடச் செய்ய விரும்பினார். என்ஜின் வேலையை மெக்கானிக்கிடம் ஒப்படைத்தார். உட்புறத்தைத் துப்புரவு செய்யும் வேலை, மதரஸா விடுமுறையில் இருந்த என்னிடம் வந்து சேர்ந்தது. “மச்சான், ஆங்கிலத்தில் உள்ள குறிப்புகளைப் படித்துப் பார்த்துச் செய்ய உங்களை விட்டால் யார் இருக்கிறார்கள்?” என்றார். நான் வரலாறு படித்த கலைப் பட்டதாரி. பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுப்பவன். இயந்திரம் என் துறையன்று. ஆயினும் படித்துப் புரிந்துகொண்டு, தெரிந்தவரிடம் கேட்டுச் செய்வது எந்தத் துறைக்கும் பொதுவான வழியல்லவா?

முன்னிருக்கைகள் இரண்டிலும் சீட் பெல்ட்டுகள் இருந்தன. இதற்கும் ஒரு வரலாறு உண்டு. நம் நாட்டில் 1993இல் மத்திய மோட்டார் வாகன விதிகள் திருத்தப்பட்டு, ஓராண்டு கழித்து, அதாவது 1994 முதல், ஓட்டுநருக்கும் முன்னிருக்கையில் அமர்பவருக்கும் சீட் பெல்ட் பொருத்தியே கார்களை விற்க வேண்டும் என்ற நிலை வந்தது. ஆகவே அதற்கு அடுத்த ஆண்டு வாங்கிய இந்தக் காரில் இவை முதலிலிருந்தே இருந்தன. பின்னிருக்கையில் ஒன்றும் இல்லை.

இன்று உலகெங்கும் நாம் காணும், தோளையும் இடுப்பையும் சேர்த்துப் பிடிக்கும் மும்முனைப் பெல்ட்டை வடிவமைத்தவர் நீல்ஸ் போலின் என்ற சுவீடன் நாட்டுப் பொறியாளர். விமானம் விபத்துக்குள்ளாகும்போது விமானியை இருக்கையோடு வெளியே எறிந்து காப்பாற்றும் ஏற்பாட்டில் பணியாற்றிவிட்டு, வோல்வோ கார் நிறுவனத்தில் சேர்ந்தவர் அவர். 1959இல் அவருடைய பெல்ட் பொருத்திய கார் விற்பனைக்கு வந்தது. இதனை நாங்கள் மட்டுமே செய்வோம் என்று அந்நிறுவனம் பூட்டி வைக்கவில்லை. பிற நிறுவனங்களும் பயன்படுத்திக்கொள்ள வழிவிட்டது. பயனுள்ள அறிவைப் பிறருக்குத் திறந்து வைத்த அந்தச் செயல் எத்தனை உயிர்களைக் காத்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்!

ஆனால் எங்கள் காரின் பெல்ட்டுகள் இருந்த கோலம் பார்க்கச் சகிக்கவில்லை. கறுப்பு நிறம் சாம்பல் பூத்திருந்தது. கடற்காற்றின் ஈரத்தில் வெள்ளையும் பச்சையுமாகப் பூஞ்சணம் படர்ந்திருந்தது. வியர்வையும் தலைக்கு வைக்கும் எண்ணெயும் புழுதியும் சேர்ந்து, தோள் படும் இடம் தோல் வாரைப் போல விறைத்திருந்தது. வெளியே இழுத்தால் திரும்ப உள்ளே போக மறுத்தது. சீட் கவர் தைக்கும் கடைக்காரர் ஒருவர், “ஹஜ்ரத், ஓரத்தில் பிரிந்த நூலைத் தைத்துவிட்டு, கறுப்புச் சாயம் ஏற்றித் தருகிறேன். புதியது போல ஆகிவிடும்” என்றார். அவர் நல்லெண்ணத்தோடு சொன்னார். எனினும் ‘புதியது போல’ என்ற சொல் என் நெஞ்சில் உறுத்தியது. புதியது போலத் தோன்றுவது வேறு. புதியதன் வலிமையோடு இருப்பது வேறு அல்லவா?

ஒரு பெல்ட் எவ்வளவு பாரத்தைத் தாங்க வேண்டும் என்று தெரிந்துகொண்டால் இந்த வேறுபாடு விளங்கும். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் சுவரில் மோதுகிறது என்று வைத்துக்கொள்வோம். உள்ளே இருப்பவரைப் பொறுத்தவரை அது ஏறத்தாழ 10 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது மூன்று மாடிக் கட்டடத்தின் உச்சியிலிருந்து, கீழே விழுவதற்குச் சமம். அந்த வேகம் முழுவதும் அரை மீட்டர் தூரத்துக்குள் அடங்கி நிற்க வேண்டுமானால், அவருடைய எடையைப் போல இருபது மடங்கு விசை வேண்டும். 60 கிலோ எடையுள்ளவரைத் தடுத்து நிறுத்த 1200 கிலோ பாரத்துக்கு ஒப்பான விசை! இதனால்தான் ஐரோப்பிய நாடுகளின் விதி, பெல்ட்டின் பட்டை ஏறத்தாழ 1500 கிலோ பாரத்துக்கு முன் அறுந்துவிடக் கூடாது என்று கூறுகிறது. ஐந்து விரற்கடைக்கும் குறைவான அகலமுள்ள ஒரு நெய்த துணிக்கு இவ்வளவு பொறுப்பு. அதன் ஓரம் ஒரு நூலளவு பிரிந்தாலும் அங்கிருந்துதான் கிழிசல் தொடங்கும்.

சாயம் இந்த வலிமையைத் தராது. சாதாரணத் தையல் நூலும் தராது. மாறாக, ஊசி குத்தும் ஒவ்வோர் இடத்திலும் நெசவின் இழைகள் சிதைகின்றன. ஆகவே கடைக்காரருக்கு நன்றி கூறிவிட்டு, முதலில் கழுவிப் பார்ப்போம் என்று முடிவு செய்தோம். கழுவும் முறையைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். உங்கள் வீட்டுக் காருக்கும் இதே முறைதான்.

பெல்ட்டை அதன் கடைசி வரை மெதுவாக வெளியே இழுக்க வேண்டும். பட்டையைச் சுருட்டிக்கொள்ளும் பெட்டிக்கு ‘ரிட்ராக்டர்’ என்று பெயர். அதன் வாயருகே ஒரு வலுவான கிளிப்பைப் போட்டு, பட்டை உள்ளே ஓடிவிடாமல் நிறுத்த வேண்டும். வெதுவெதுப்பான நீரில் மென்மையான சோப்பைச் சிறிது கரைத்து, மெல்லிய தூரிகையால் பட்டையின் நீளவாக்கில் தேய்க்க வேண்டும். குறுக்காகத் தேய்த்தால் இழைகள் உரோமம் போல எழும்பிவிடும். பின்னர் தூய நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் சோப்பு போகும் வரை துடைத்தெடுக்க வேண்டும். பூஞ்சணம் ஒரே தடவையில் போகாது. இரண்டு மூன்று நாள்கள் இதையே பொறுமையாகச் செய்ய வேண்டும். ரிட்ராக்டருக்குள் தண்ணீர் போகவே கூடாது.

நம் வீடுகளில் ‘அழுக்கு’ என்றதும் கை நீளும் பொருள்கள் சில உண்டு. பிளீச்சிங் பவுடர், சலவைச் சோடா, ஆசிட், பினாயில், மண்ணெண்ணெய், பெட்ரோல். இவற்றில் ஒன்றும் வேண்டாம். இன்றைய பெல்ட்டுகள் பெரும்பாலும் பாலியெஸ்டர் இழையால் நெய்யப்பட்டவை. கடுமையான காரம் அதனை அரிக்கும். பழைய பெல்ட்டுகளில் நைலானும் உண்டு. அதனை ஆசிட்டும் பிளீச்சும் கெடுக்கும். கெட்டுப்போன இழை கண்ணுக்குத் தெரியாது என்பதுதான் இதில் உள்ள ஆபத்து. வெள்ளை வெளேரென்று சுத்தமாகி, வலிமையை இழந்து நிற்கும் பட்டையை விட, அழுக்குப் பிடித்த வலிமையான பட்டை எவ்வளவோ மேல்.

உலர்த்துவதிலும் கவனம் வேண்டும். நம் ஊர் வெயிலில் எதையும் ஒரு மணி நேரத்தில் உலர்த்திவிடலாம். ஆனால் சூரிய ஒளியும் இழையின் பகைவனே. காரின் கதவுகளைத் திறந்துவைத்து, நிழலில், காற்றோட்டத்தில், ஒரு பகலும் ஓர் இரவும் உலரவிட வேண்டும். ஈரத்தோடு உள்ளே சுருளவிட்டால் பூஞ்சணம் மீண்டும் வரும்; உள்ளிருக்கும் இரும்பும் துருப்பிடிக்கும். இஸ்திரிப் பெட்டியை அதன் பக்கம் கொண்டுபோகவே வேண்டாம்.

பெல்ட் மெதுவாகச் சுருள்வதற்கு, நாம் நினைப்பது போல, எப்போதும் சுருள்வில் தளர்ந்ததே காரணமாக இருக்காது. கதவுத் தூணின் மேலே, பட்டை நுழைந்து வரும் வளையத்தில் பிசின் போல அழுக்கு ஒட்டியிருக்கும். எங்கள் காரிலும் அப்படியே இருந்தது. சோப்பு நீரில் நனைத்த துணியை அந்த வளையத்துக்குள் நுழைத்து இழுத்து இழுத்துத் துடைத்ததில் கறுப்புக் களிம்பு வெளிவந்தது. முன்னிருக்கைப் பயணியின் பட்டை அன்றே தடையின்றி ஓடத் தொடங்கிவிட்டது. இதற்கு எண்ணெய் விடுவார்கள் சிலர், அது கூடாது. எண்ணெய் புழுதியை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். அவ்வாறே ரிட்ராக்டர் பெட்டியைத் திறந்து பார்க்கும் ஆவலும் கூடாது. உள்ளே இறுகச் சுற்றிய வில் இருக்கிறது; அவிழ்ந்து பாய்ந்தால் விரலையும் கண்ணையும் பதம் பார்க்கும்; திரும்பப் பழையபடி அடைக்கவும் இயலாது.

அந்தப் பெட்டிக்குள் ஓர் அற்புதமான ஏற்பாடு உண்டு. மெதுவாக இழுத்தால் பட்டை தாராளமாக வருகிறது. வெடுக்கென்று இழுத்தால் பூட்டிக்கொள்கிறது. கார் திடீரென்று நிற்கும்போதும், உள்ளேயுள்ள சிறு எஃகுக் குண்டோ ஊசலோ நகர்ந்து பட்டையைப் பூட்டுகிறது. அதனால்தான் பெட்டியைக் கழற்றிக் கையில் சாய்த்துப் பிடித்தால் பட்டை வரவே வராது. ‘கெட்டுவிட்டது’ என்று எறிந்துவிட வேண்டாம்; நேராக நிறுத்தினால் வரும். கையால் வெடுக்கென்று இழுத்துப் பார்ப்பது முதற் சோதனை. ஆளரவமற்ற இடத்தில் மிகக் குறைந்த வேகத்தில் ஓட்டிப் பிரேக்கை அழுத்தி, பட்டை பூட்டிக்கொள்கிறதா என்று பார்ப்பது இரண்டாவது சோதனை.

பக்கிளையும் மறந்துவிடக் கூடாது. எங்கள் காரின் பக்கிளைத் தலைகீழாகத் தட்டியபோது ஒரு பேரீச்சங்கொட்டைத் துண்டும் பழைய பத்துப் பைசா நாணயம் ஒன்றும் வந்து விழுந்தன. எந்தப் பேரப்பிள்ளையின் கைவேலையோ! பக்கிளில் நாக்கைச் செருகும்போது ‘க்ளிக்’ என்ற ஓசை தெளிவாகக் கேட்க வேண்டும். எவ்வளவு இழுத்தாலும் வரக் கூடாது. பொத்தானை அழுத்தினால் உடனே விட வேண்டும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் அந்தப் பக்கிள் பயன்படாது.

நேயர்களே, இனிச் சொல்லப் போவதற்காகத்தான் இவ்வளவையும் சொன்னேன்.

மூன்றாம் நாள் இரண்டு பட்டைகளும் உலர்ந்தன. பயணி பக்கத்துப் பட்டை கறுகறுவென்று அழகாக இருந்தது. அதன் நுனியில் தைத்திருந்த தயாரிப்புத் துணிச்சீட்டையும் படிக்க முடிந்தது. ஓட்டுநர் பக்கத்துப் பட்டையும் சுத்தமாகியிருந்தது. ஆனால் அழுக்கு போனபிறகே அதன் உண்மை நிலை வெளிப்பட்டது. தூண் வளையத்தில் உராயும் பகுதியில் ஒரு சாண் நீளத்துக்கு இழைகள் உருகி இறுகியது போல மினுமினுத்தன. அங்கே பட்டை சமமாகப் படியாமல் அலையலையாக நெளிந்தது. ஓரத்து நூல்களும் பிசிறியிருந்தன. மெக்கானிக்கை அழைத்துக் காட்டினேன். அவர் அதை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, “இந்த வண்டி எப்போதாவது மோதியிருக்கிறதா?” என்று கேட்டார்.

எங்களில் எவருக்கும் தெரியவில்லை. என் தங்கையின் மாமியாரிடம் கேட்டோம். அவர் சற்று நேரம் யோசித்துவிட்டுச் சொன்னார். 2004ஆம் ஆண்டு. இரவு நேரம். எதிரே விளக்கில்லாமல் நின்ற டிராக்டருக்கு ஒதுங்கியபோது கார் பாலத்துக் கட்டைச் சுவரில் மோதியிருக்கிறது. முன்பக்கம் நசுங்கியது. மாமா தனியாகத்தான் போயிருக்கிறார். வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றியபோது, வலத் தோளிலிருந்து இடப்பக்க விலா வரை, வாளை வைத்து அழுத்தியது போல ஒரு கன்றிய தழும்பு இருந்ததாம். “பத்து நாள் எண்ணெய் தடவினேன். பிள்ளைகள் பயப்படுவார்கள் என்று யாரிடமும் சொல்ல வேண்டாம் என்றார்கள்” என்று அந்த அம்மையார் கூறியபோது, அங்கிருந்த எவருக்கும் பேச்சு எழவில்லை.

வெளிநாட்டில் கார் ஓட்டிப் பழகியவர் ஆதலால், ஊரில் எவரும் பெல்ட் போடாத காலத்திலும் அவர் போட்டிருக்கிறார். அந்தத் தழும்பு பட்டை அவரைப் பிடித்து நிறுத்திய அடையாளம். பட்டையில் இருந்த மினுமினுப்பும் நெளிவும் அவரைப் பிடித்த அடையாளம். மனிதரின் தழும்பு ஆறியது. பட்டையின் தழும்பு ஆறவில்லை, ஆறவும் ஆறாது. மோதலின் விசையை வாங்கும்போது இழைகள் நீண்டு தம் சக்தியைச் செலவழித்துவிடுகின்றன. அவ்வாறு ஒருமுறை பணி செய்து முடித்த பெல்ட்டை, பார்வைக்கு நன்றாக இருந்தாலும், மாற்றிவிட வேண்டும் என்பதே தயாரிப்பாளர்கள் கூறும் விதி. சாயம் ஏற்றியிருந்தால் இந்த உண்மை ஒரு கறுப்புப் பூச்சுக்கு அடியில் மறைந்தே போயிருக்கும்.

தங்கையின் கணவருக்கு அதை எடுத்துவிட மனமில்லை. “வாப்பாவின் உயிரைக் காத்த பெல்ட் இது, மச்சான். இதைப் போய் எப்படிக் கழற்றுவது?” என்றார். அவருடைய கண்கள் கலங்கியிருந்தன. “காத்ததனால்தான் கழற்ற வேண்டும். தன் கடமையை அது செய்துவிட்டது. இரண்டாவது முறையும் செய்யச் சொல்வது நியாயமில்லை” என்றேன். அவர் விடவில்லை. “அப்படியானால் அந்தப் பக்கத்துப் பட்டை நன்றாகத்தானே இருக்கிறது? அதையாவது வைத்துக்கொள்வோம்” என்றார்.

நியாயமான கேள்விதான். அது மோதலில் பாரம் தாங்கவில்லை. வெயில் படாமல் பெரும்பாலும் சுருண்டே கிடந்தது. கண்ணுக்குக் குறையில்லை, கைக்கும் குறையில்லை. ஆயினும் முப்பது ஆண்டு முதுமையை எதைக் கொண்டு அளப்பது? பட்டை எவ்வளவு தாங்கும் என்று உறுதியாக அறிய ஒரே வழி, அதை அறும் வரை இழுத்துப் பார்ப்பது. அறுந்தபின் அந்த அறிவினால் யாருக்கு என்ன பயன்? அப்போது மெக்கானிக் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “இந்தப் பட்டையைப் போட்டு உங்கள் வீட்டம்மாவை உட்கார வைப்பீர்களா?” தங்கையின் கணவர் மறுமொழி கூறவில்லை. மறுநாள், தரச்சான்று முத்திரையுள்ள புதிய பெல்ட்டுகள் இரண்டு வாங்க ஏற்பாடு செய்தார். பழைய இணைப்புப் போல்ட்டுகளைக் கழற்றியபோது ஒன்று துருவேறி மெலிந்திருந்தது, அவற்றையும் மாற்றினோம்.

அப்படியானால் கழுவியது வீண்வேலையா என்று நீங்கள் கேட்கலாம். அன்று; கழுவியதால்தான் உண்மை தெரிந்தது. அழுக்கை நீக்குவது அழகுக்காக மட்டுமன்று. உள்ளே இருப்பதைப் பார்ப்பதற்காகவும்தான். பத்துப் பன்னிரண்டு ஆண்டு ஓடிய, விபத்தைச் சந்திக்காத காரின் பெல்ட்டுக்குப் பெரும்பாலும் ஒரு கழுவலே போதும். ஆனால் கழுவியபின் முழு நீளத்தையும் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். வெட்டு, பீடி சுட்ட ஓட்டை, பிசிறிய ஓரம், பிரிந்த தையல், உருகிய மினுமினுப்பு ஆகிய இவற்றில் ஒன்று கண்ணில் பட்டாலும் மாற்றிவிடுங்கள். பழைய கார்களை உடைக்கும் கடைகளில் மலிவாகக் கிடைக்கும் பெல்ட்டை வாங்கிப் பொருத்த வேண்டாம். அது எந்த விபத்தில் யாரைத் தாங்கிய பட்டையோ, நாம் அறியோம். நீங்கள் கழித்த பட்டையையும் முழுதாக எறியாமல் துண்டு துண்டாக வெட்டியே எறியுங்கள். இல்லாவிட்டால் அது வேறொருவர் காரில் ஏறிவிடும். பயணி பக்கத்துப் பட்டையை நாங்கள் அவ்வாறே செய்தோம்.

இன்னும் ஒரு வேலை மிஞ்சியிருந்தது. அது பின்னிருக்கை. முன்பக்கம் இரண்டு புதிய பெல்ட்டுகள் வந்துவிட்டன. பிள்ளைகளும் பெண்களும் அமரும் பின்பக்கத்தில் ஒன்றுமில்லை. “பின்னால் இருப்போருக்கு என்ன ஆகிவிடும்?” என்ற எண்ணம் நம்மிடையே வேரூன்றிக் கிடக்கிறது. 2022 செப்டம்பர் 4ஆம் நாள் மகாராட்டிர மாநிலம் பால்கர் அருகே நடந்த விபத்தை நினைவிற் கொள்ளுங்கள். தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரியும் அவருடன் பின்னிருக்கையில் இருந்தவரும் பெல்ட் அணிந்திருக்கவில்லை, இருவரும் உயிரிழந்தனர். முன்னிருக்கையில் இருந்த இருவர் உயிர் பிழைத்தனர். விலை உயர்ந்த காராக இருந்தும் பயனில்லை.

தாய்மார்களுக்கு ஒரு சொல். குழந்தையை மடியில் இறுகப் பிடித்துக்கொண்டால் போதும் என்று நினைக்கிறோம். நாம் முன்பு கண்ட அதே கணக்கைப் போட்டுப் பாருங்கள். 20 கிலோ எடையுள்ள பிள்ளை அந்த மோதலின் கணத்தில் 400 கிலோ விசையோடு முன்னே பாயும். எந்தத் தாயின் கரம் அதைத் தாங்கும்? அன்பு குறைவதனால் அன்று. உடலுக்கு அந்த ஆற்றல் தரப்படவில்லை. 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவு, பெல்ட் அணியாதவருக்கும், 14 வயதுக்குட்பட்ட பிள்ளையைப் பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இன்றி ஏற்றிச் செல்பவருக்கும் 1000 ரூபாய் அபராதம் விதிக்கிறது. போலீஸ்காரரைக் கண்டதும் பட்டையை இழுத்து மடியில் போட்டுக்கொள்ளும் ஓட்டுநர்களை நீங்களும் கண்டிருப்பீர்கள். ஆயிரம் ரூபாய் தப்பிவிடும், மற்றது தப்புமா?

பழைய அம்பாசிடரின் பின்தளத்தில் துளையிட்டுப் பெல்ட் பொருத்தலாமே என்றும் சிலர் கூறினர். பாரம் தாங்குமாறு வலுவூட்டப்படாத மெல்லிய தகட்டில் போல்ட்டை முடுக்கினால், மோதும்போது தகடே கிழிந்து வந்துவிடும். அப்படிப்பட்ட பெல்ட் மனத்துக்குத் தைரியம் தருமே தவிர உடலுக்குக் காவல் தராது. ஆகவே குடும்பம் கூடி முடிவு செய்தது: வாப்பாவின் கார் ஊருக்குள் மெதுவாக ஓடும், முன்னிருக்கையில் பெரியவர் இருவருக்கு மேல் எவரும் ஏறுவதில்லை. மதுரைக்கோ திருச்சிக்கோ பிள்ளைகளோடு போவதானால், பின்னிருக்கையிலும் பெல்ட் உள்ள காரை வாடகைக்கு எடுப்பது. பிள்ளைகள் முகம் வாடத்தான் செய்தது. அந்த வாட்டத்தைத் தாங்கிக்கொள்ளலாம்.

பெல்ட்டை அணியும் முறையையும் ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். கீழ்ப்பட்டை வயிற்றின்மீது அன்று, இடுப்பெலும்பின்மீது தாழ்வாகப் படிய வேண்டும். கருவுற்ற பெண்களுக்கு வயிற்றுக்குக் கீழே. மேல்பட்டை கழுத்தை உரசாமல் தோள்பட்டையின் நடுவே வர வேண்டும். அக்குளுக்கு அடியில் விடக் கூடாது. புர்காவோ துப்பட்டியோ அணிந்திருப்போர், மடிப்புகளை நீவி ஒதுக்கி, பட்டை முறுக்கின்றி உடலோடு ஒட்டிப் படியுமாறு இழுத்துவிட வேண்டும். தளர்ந்து தொங்கும் பட்டை தாமதமாகத்தான் பிடிக்கும்.

மர்ஹூம் மாமாவைக் காத்த அந்த ஓட்டுநர் பட்டை என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அதை மட்டும் நாங்கள் வெட்டவில்லை. பக்கிளையும் நாக்கையும் கழற்றிவிட்டு, துணியை மடித்து அவருடைய மனைவியாரிடம் கொடுத்தோம். அவர் அதைத் தம் கணவரின் மூக்குக் கண்ணாடியும் தொப்பியும் இருக்கும் பெட்டியில் வைத்துக்கொண்டார். அங்கே அதன்மீது எவருடைய உயிரும் இல்லை. நினைவு மட்டுமே இருக்கிறது. நினைவைத் தாங்க அதற்கு இன்னும் போதிய வலிமை இருக்கிறது.

முன்னோரின் பொருளைப் பேணுவது நல்ல பண்பு. அவர்கள் அந்தப் பொருளை எதற்காகப் பயன்படுத்தினார்களோ அந்த நோக்கத்தைப் பேணுவது அதனினும் சிறந்த பண்பு. அந்தப் பெரியவர் பெல்ட்டை அணிந்தது வீட்டுக்குத் திரும்பி வருவதற்காக. நீங்கள் அடுத்த முறை காரில் ஏறும்போது முன்னே இருந்தாலும் பின்னே இருந்தாலும், பட்டையை ஒருமுறை முழுதாக இழுத்துப் பாருங்கள், அழுக்கிருந்தால் கழுவுங்கள், குறையிருந்தால் மாற்றுங்கள், பிறகு அணிந்துகொள்ளுங்கள். உங்களை எதிர்பார்த்து வாசலில் நிற்பவர்களுக்காக அந்த அரை நிமிடத்தைச் செலவிடுங்கள்.